ஆஸ்பத்திரிக் கணக்கும் கம்ப்யூட்டரும்

(சுகாதார ஊழியர்களும் வாலிபர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்டிருக்கும் விஷயம், ஏழை நாடுகளில் ஆஸ்பத்திரிக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் வைப்பது பற்றியதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "இது டாக்டர்களும் இஞ்சினீயர்களும் கூடிப் பேசிக் கொள்ள வேண்டிய சங்கதியாயிற்றே, நம்மைப் போன்றவர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று நினைக்கலாம். அப்படி நினைப்பது சரியல்ல என்று சொல்லுவதற்காகவே நாம் இங்கு வந்திருக்கிறோம். ஏனெனில், அந்தக் கணக்கில் எழுதப்படுவது அரிசி மூட்டையல்ல, பருத்திப் பொதியுமல்ல. மனிதர்கள் எழுதப்படுகிறார்கள். பிறந்த குழந்தையும், பிரசவத்தில் செத்த தாயும், காச நோய்க்கு மருந்து வாங்க வந்த கூலியாளும் எழுதப்படுகிறார்கள். தம்மைப் பற்றிய கணக்கை யார் எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள், அதை வைத்துக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்று கேட்பதற்கு அந்த ஜனங்களுக்கு உரிமையில்லையென்றால் வேறு யாருக்குத்தான் உரிமையுண்டு?

புதியது என்பதற்காக ஒன்றை வெறுக்கிறவர்களோடு நாம் சேர்ந்தவர்களல்ல. புதியது என்பதற்காகவே ஒன்றைக் கும்பிடுகிறவர்களோடும் நாம் சேர்ந்தவர்களல்ல. இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம், என்ன செலவு, என்ன கெடுதி என்று கேட்டு, கிடைக்கும் பதிலைக் கொண்டு முடிவுக்கு வருவதுதான் அறிவுள்ளவர் வேலையாகும்.

கணக்கும் தலையெழுத்தும்

முதலாவது, கணக்கு எதற்கு என்று யோசிப்போம். ஒரு கிராமத்தில் ஒரு குழந்தை பேதியில் செத்துப் போகிறது. "ஆண்டவன் கொடுத்தான், ஆண்டவன் எடுத்துக் கொண்டான்" என்று சொல்லி அழுகிறார்கள். பத்து நாள் கழித்து அடுத்த தெருவில் இன்னொரு குழந்தை சாகிறது. அங்கும் அதே அழுகை, அதே சமாதானம். இப்படி இருபது வீடுகள் தனித்தனியாக அழுதுவிட்டு, தனித்தனியாகத் தலையெழுத்தை நொந்து கொண்டு சும்மாயிருந்து விடுகின்றன. ஆனால் அந்த இருபது சாவுகளையும் தேதியோடும், தெருவோடும், வியாதியோடும் யாராவது ஒரே காகிதத்தில் எழுதி வைத்தால் என்ன ஆகும்? எல்லாம் மழைக்காலத்தில் நடந்தவை, எல்லாம் ஒரே கிணற்றைச் சுற்றி நடந்தவை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அது ஆண்டவனைப் பற்றிய விஷயமாக இருக்காது. கிணற்றைச் சுத்தம் செய்ய வேண்டியவர் ஏன் செய்யவில்லை என்கிற விஷயமாகிவிடும். எண்ணப்படாத சாவு தலையெழுத்தாக இருக்கிறது. எண்ணப்பட்ட சாவு கேள்வியாகிறது.

இது நமது கற்பனையல்ல. வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் 1840-களில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் வைத்திய மாணவர்கள் வேலை பழகினார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பழகினார்கள். முதல் வார்டில் நூற்றுக்குச் சுமார் பத்துத் தாய்மார்கள் ஜன்னி கண்டு செத்தார்கள்; இரண்டாவதில் சுமார் நான்கு பேர்தான். முதல் வார்டில் சேர்க்க வேண்டாமென்று கர்ப்பிணிகள் காலில் விழுந்து கெஞ்சினார்களாம். செம்மல்வைஸ் என்னும் டாக்டர் இதன் காரணத்தைத் தேடினார். சாகப் போகிறவர்களுக்கு மந்திரம் ஓத வரும் பாதிரியார் முதல் வார்டின் வழியாக மணியடித்துக் கொண்டு போவது வழக்கம். அந்த மணியைக் கேட்ட பயத்தினால்தான் பெண்கள் சாகிறார்களோ என்றுகூடப் பார்த்தார். பாதிரியாரை மணியில்லாமல் வேறு வழியாக வரச் சொன்னார். சாவு குறையவில்லை. கடைசியாக, பிணங்களை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்பதைக் கண்டு, 1847-ல் குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். சாவு மளமளவென்று குறைந்தது.

அந்த டாக்டரிடம் இருந்தது என்ன? இரண்டு வார்டுகளின் சாவுக் கணக்கு, அவ்வளவுதான். கணக்கில்லாவிட்டால் இரண்டையும் ஒப்பிட்டிருக்க முடியாது. ஆகவே கணக்கு வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே கம்ப்யூட்டர் இல்லை என்பதையும், கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்ட ஒரு மனிதன் இருந்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்றைய நிலைமை என்ன? உலகத்தில் நடக்கும் சாவுகளில் பத்துக்கு நான்கு எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை சொல்லுகிறது. ஆப்பிரிக்காவிலோ பத்துச் சாவுகளில் ஒன்றுதான் பதிவாகிறது என்று அதே அறிக்கை கூறுகிறது. செத்தவர் எத்தனை பேர் என்றே தெரியாத இடத்தில் எதனால் செத்தார்கள் என்று யாரைப் போய்க் கேட்பது?

பாரம் எழுதும் நர்ஸ்

இனி, அந்தக் கணக்கை எழுதுகிறவரைப் பார்ப்போம். ஏழை நாட்டில் ஒரு கிராம ஆஸ்பத்திரியை நினைத்துக் கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு நர்ஸ்தான் இருப்பார். காலையில் அவர் கதவைத் திறக்கும் போதே வெளியே கூட்டம் நிற்கும். ஊசி போடுவதும், மருந்து கொடுப்பதும், பிரசவம் பார்ப்பதும் அவரே. இவற்றோடு தடுப்பூசிக்கு ஒரு ரிஜிஸ்டர், கர்ப்பிணிகளுக்கு ஒரு ரிஜிஸ்டர், காச நோய்க்கு ஒன்று, மலேரியாவுக்கு ஒன்று, எய்ட்ஸுக்கு ஒன்று. பணம் கொடுக்கும் அந்நிய ஸ்தாபனம் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பாரம் அச்சடித்து அனுப்பியிருக்கும். ஒரே குழந்தையின் எடையை மூன்று நோட்டுகளில் எழுத வேண்டியிருக்கும். மாதக் கடைசியில் நோயாளிகளை நிறுத்தி வைத்துவிட்டு, கோடு போட்ட கணக்கையெல்லாம் கூட்டிப் பாரத்தில் நிரப்பி மேலே அனுப்ப வேண்டும்.

அனுப்பிய பாரம் என்ன ஆகிறது? தாலுகாவிலிருந்து ஜில்லாவுக்குப் போகிறது. ஜில்லாவிலிருந்து தலைநகருக்குப் போகிறது. திரும்பி வருவதில்லை. "உன் ஊரில் பேதி போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதே, என்ன காரணம்?" என்று ஒருவரும் அவரைக் கேட்பதில்லை. பாரம் வராவிட்டால் மட்டும் கடிதம் வரும். இப்படி நடந்தால் மனிதர் என்ன செய்வார்? போன மாதத்து எண்ணையே இந்த மாதமும் எழுதி அனுப்புவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒருவரும் படிக்காத கணக்கை உண்மையாக எழுத வேண்டிய அவசியம் யாருக்கு வரும்?

அதனால்தான் பல நாடுகளின் கணக்குகளில் வேடிக்கையான எண்கள் வருகின்றன. நூறு குழந்தைகள் உள்ள இடத்தில் நூற்றுப் பத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டதாகக் கணக்கு வரும். சில இடங்களில் இது வேண்டுமென்று சொன்ன பொய்யாக இருக்கும். சில இடங்களில் பத்து வருஷத்துக்கு முந்திய ஜனத்தொகைக் கணக்கை வைத்து, "இந்த ஊரில் இத்தனை குழந்தைகள்தான்" என்று தலைநகரத்தில் உட்கார்ந்து தீர்மானித்ததால் வந்த கோளாறாக இருக்கும். எப்படியாயினும், இந்தக் கணக்கை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் என்ன கிடைக்கும்? மாட்டு வண்டியில் போன பொய் மின்னல் வேகத்தில் போகும். போய்ச் சேரும் இடத்தில் கலர்ப் படமாகவும் தெரியும்.

ஒரே தேசம், இரண்டு வழி

இந்த நிலைமையை மாற்ற முடியுமா என்பதற்குத் தென்னாப்பிரிக்கா நல்ல பாடம். அங்கே நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் சர்க்காரே மனிதர்களை வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர், கறுப்பர் என்று நான்காகப் பிரித்துச் சட்டப் புஸ்தகத்தில் எழுதி வைத்திருந்தது. ஆஸ்பத்திரியும் அப்படியே பிரிந்திருந்தது. கறுப்பருக்கென்று ஒதுக்கிய பத்துப் பிரதேசங்களுக்குப் பத்துச் சுகாதார இலாகாக்கள். மற்ற மூன்று நிறத்தாருக்கு மூன்று இலாகாக்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. ஆக 14 இலாகாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமான கணக்கு. அந்தப் பத்துப் பிரதேசங்களில் நான்கை "சுதந்திர நாடுகள்" என்று பெயர் சூட்டி, அங்குள்ள ஜனங்களைத் தேசத்தின் ஜனத்தொகைக் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டார்கள். உலகத்தில் வேறெந்த நாடும் அவற்றைச் சுதந்திர நாடுகளென்று ஒப்புக் கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். ஒரு கூட்டத்தாரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டால் அவர்களுடைய பசியும் நோயும் சாவும் சர்க்காரின் பொறுப்பல்ல என்று ஆகிவிடுகிறதல்லவா? கணக்கு எழுதுவதில் இவ்வளவு பெரிய அக்கிரமம் ஒளிந்திருக்க முடியும் என்பதைக் கவனியுங்கள்.

1994-ல் எல்லா நிறத்தாரும் ஓட்டுப் போட்டுப் புதிய ஆட்சி வந்தது. 14 இலாகாக்களையும் ஒன்றாக்கி, ஜில்லாவாரியாகச் சுகாதாரத்தை நடத்துவதென்று முடிவாயிற்று. அப்பொழுது கேப் டவுன் பக்கத்தில் ஒரு சிறு முயற்சி ஆரம்பமானது. அவ்வூர்ச் சர்வகலாசாலைகளைச் சேர்ந்தவர்களும், நார்வே தேசத்து ஆஸ்லோ சர்வகலாசாலையைச் சேர்ந்த யோர்ன் பிரா முதலியவர்களும் இதில் ஈடுபட்டார்கள். நார்வேக்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்த நாட்டில் 1970-களின் துவக்கத்திலேயே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் ஒரு காரியம் செய்தது. தொழிற்சாலைக்குள் கம்ப்யூட்டர் வரப் போகிறதென்றால், அது எப்படி வர வேண்டும் என்பதில் முதலாளிக்கு மட்டுமல்ல, வேலை செய்கிறவனுக்கும் பேச்சுரிமை வேண்டும் என்று சொல்லி, கிறிஸ்டன் நைகார்ட் என்னும் நிபுணரைத் துணைக்கு வைத்துக் கொண்டு தொழிலாளிகளே அந்த யந்திரத்தைப் பற்றிப் படித்தார்கள். அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள்தான் இவர்கள்.

ஆகவே இவர்கள் கேப் டவுனில் யந்திரத்தை முதலில் கொண்டு வரவில்லை. ஊழியர்களோடு உட்கார்ந்து, "நீங்கள் எழுதுகிற இத்தனை கணக்கில் உங்கள் வேலைக்கு உதவுவது எது?" என்று ஆரம்பித்தார்கள். தேசம் முழுவதற்கும் கட்டாயமாக வேண்டிய கணக்கு என்று ஒரு சிறு பட்டியலை வைத்துக் கொள்ளுவது. அதற்கு மேல் ஜில்லாவுக்கு எது வேண்டுமோ அதை ஜில்லா சேர்த்துக் கொள்ளலாம், ஆஸ்பத்திரிக்கு எது வேண்டுமோ அதை ஆஸ்பத்திரி சேர்த்துக் கொள்ளலாம். மேலே உள்ளவர் கேட்பதைக் கீழே உள்ளவர் குறைக்கக் கூடாது, கீழே உள்ளவர் தமக்கென்று சேர்த்துக் கொள்ளுவதை மேலே உள்ளவர் தடுக்கக் கூடாது. இதுதான் ஏற்பாடு. இதற்கேற்றபடி 1990-களின் பிற்பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் செய்து, விலையில்லாமல் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அது அந்தத் தேசம் முழுவதும் பரவியது.

அதே தேசத்தில், அதே காலத்தில், வேறொரு வழியும் நடந்தது. வட மாகாணம் என்று அப்பொழுது பெயர் கொண்டிருந்த, இன்று லிம்போப்போ எனப்படும் மாகாணம் மிகவும் ஏழை மாகாணங்களில் ஒன்று. அங்கே 42 ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரேயடியாகக் கம்ப்யூட்டர் வைப்பதென்று தீர்மானித்து, 13 கோடியே 40 லட்சம் ராண்டு செலவில் பெரிய ஏற்பாடு செய்தார்கள். அது உருப்படவில்லை. இதை விசாரித்தவர்கள் 2003-ல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் தங்கள் முடிவை எழுதினார்கள். ஆஸ்பத்திரி வேலை எவ்வளவு சிக்கலானது என்பதைக் குறைவாக மதிப்பிட்டார்கள் என்பதும், இது எதற்காக வருகிறது என்பதை அதைக் கையாள வேண்டியவர்களுக்கு முதலிலிருந்தே விளங்க வைக்கவில்லை என்பதும் அவர்கள் சொன்ன முக்கிய காரணங்களில் சேர்ந்தவை. பணமும் இருந்தது, யந்திரமும் இருந்தது. கேட்க வேண்டியவர்களைக் கேட்காததுதான் குறை.

மருந்தில்லாத இடத்தில் கம்ப்யூட்டரா?

இங்கே ஒரு தோழர், "சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வழியில்லாத நாட்டில் கம்ப்யூட்டர் எதற்கு? அந்தப் பணத்துக்கு மாத்திரை வாங்கக் கூடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாத்திரையை வாங்கினால் மட்டும் போதாது; எந்த ஊருக்கு எத்தனை வேண்டும் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரு கிடங்கில் மருந்து காலாவதியாகிக் குப்பைக்குப் போகும். முப்பது மைலுக்கு அப்பால் அதே மருந்தில்லாமல் ஆள் சாவான். காச நோய்க்காரர் இரண்டு மாதம் வந்துவிட்டு மூன்றாவது மாதம் வராமல் நின்றுவிட்டால், ஆயிரம் பெயருள்ள கரையான் அரித்த நோட்டில் அவரைத் தேடிப் பிடிப்பது எப்படி? கம்ப்யூட்டரென்றால் வராதவர் பட்டியலை ஒரு நிமிஷத்தில் கொடுத்துவிடும். ஆகவே நாம் யந்திரத்துக்கு விரோதியல்ல. எந்த யந்திரம், யாருக்கு ஏற்ற யந்திரம் என்பதே நமது கேள்வி.

ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு நாடு. உலகத்தின் மிகவும் ஏழை நாடுகளில் ஒன்று. டாக்டர்கள் மிகக் குறைவு. மின்சாரம் நினைத்தபோது நின்றுவிடும். அங்கே 2001 முதல் பாவோபாப் என்னும் கூட்டத்தார் ஆஸ்பத்திரிக்கு ஒரு யந்திரம் செய்தார்கள். நர்சுக்கு டைப் அடிக்கத் தெரியாது என்று குறை சொல்லாமல், டைப் அடிக்கும் பலகையையே எடுத்துவிட்டார்கள். திரையைக் கையால் தொட்டால் போதும். அடுத்துச் செய்ய வேண்டியதைத் திரையே ஒவ்வொன்றாகக் கேட்டுக் கொண்டு வரும். மின்சாரத்தைக் கொஞ்சமாகச் செலவழிக்கும்படி செய்து, பாட்டரியிலும் ஓடும்படி அமைத்தார்கள். அந்த நாட்டில் ஒவ்வொரு நோயாளியும் தன் வைத்தியக் குறிப்பைக் கொண்ட ஒரு சிறு புஸ்தகத்தைத் தன் கையிலேயே வைத்துக் கொள்ளுவது வழக்கம். அந்த வழக்கத்தைக் கெடுக்காமல், யந்திரத்திலிருந்து ஒரு சீட்டு அச்சாகி வரும்; அதை அந்தப் புஸ்தகத்தில் ஒட்டிக் கொடுப்பார்கள். யந்திரம் நின்று போனாலும் நோயாளியின் கையில் அவருடைய கணக்கு இருக்கும். எய்ட்ஸ் மருந்து பெறும் ஏராளமான பேருக்கு இது பயன்பட்டது. மனிதருக்கு ஏற்றபடி யந்திரத்தைச் செய்தார்களேயொழிய யந்திரத்துக்கு ஏற்றபடி மனிதரை வளைக்கவில்லை.

கென்யா தேசத்தில் மோசோரியோட் என்னும் கிராம ஆஸ்பத்திரியில் 2001-ல் கம்ப்யூட்டர் வைத்து, அதனால் என்ன மாறியது என்று கடிகாரம் பிடித்து அளந்தார்கள். நோயாளி ஆஸ்பத்திரியில் கழிக்கும் நேரம் நூற்றுக்கு 22 வீதம் குறைந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு இது பெரிய லாபம். ஆனால் அதே ஆராய்ச்சியில், வைத்தியம் பார்ப்பவரோடு நோயாளி இருக்கும் நேரம் நூற்றுக்கு 58 வீதம் குறைந்ததென்றும் இருக்கிறது. குறைந்தது எழுதும் நேரமா, நோயாளியின் வாய்ச் சொல்லைக் கேட்கும் நேரமா? எழுதும் நேரமென்றால் சந்தோஷம். கேட்கும் நேரமென்றால் அதை லாபமென்று எழுதக் கூடாது. எண்ணைக் கண்டவுடன் கைதட்டிவிடாமல் இப்படிக் கேட்டுப் பார்ப்பதற்குத்தான் எண்.

பெயரும் மானமும்

இன்னொரு பெரிய ஆபத்தையும் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்கு நோய் என்பது ஊருக்கு வேண்டிய கணக்கு. யாருக்கு நோய் என்பது அந்த நோயாளிக்கும் அவருடைய வைத்தியருக்கும் மட்டும் உரிய கணக்கு. காகித ரிஜிஸ்டர் ஒரு அலமாரியில் கிடக்கும். அதைத் திருடுகிறவன் அந்த அலமாரிக்கு வர வேண்டும். கம்ப்யூட்டரிலுள்ள பட்டியலோ ஒரு நொடியில் ஆயிரம் இடத்துக்குப் போகக் கூடியது. எய்ட்ஸ் என்றும் குஷ்டம் என்றும் பெயர் வெளிவந்தால் வேலை போகும், வாடகை வீடு போகும், பெண்ணுக்குக் கல்யாணம் நிற்கும்.

கென்யாவிலேயே 2015-ல் ஜனாதிபதி ஒரு உத்தரவு போட்டார். எய்ட்ஸ் கிருமியுள்ள பள்ளிப் பிள்ளைகளையும், அவர்களைக் காப்பவர்களையும் பற்றிப் பெயரோடு கணக்கெடுக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. உதவி செய்வதற்காகத்தான் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்த நாட்டு ஜனங்களில் சிலர் சும்மாயிருக்கவில்லை, ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2016 டிசம்பரில் அந்த உத்தரவு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பாயிற்று. நல்லது செய்வதற்காகவே கேட்டாலும், பெயரைக் கேட்பதற்கு ஒரு எல்லை உண்டு என்று ஒரு ஏழை நாட்டின் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஏழைக்கு மருந்துதான் வேண்டும், மானம் எதற்கு என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதிய பூசாரிகள்

கடைசியாக, இந்தத் துறையில் கிளம்பியிருக்கும் ஒரு புதுவிதமான மூட பக்தியைப் பற்றிச் சொல்லுகிறோம். உகாண்டா தேசத்தில், அந்நிய ஸ்தாபனங்கள் ஆளுக்கொரு ஜில்லாவைப் பிடித்துக் கொண்டு, ஆளுக்கொரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டையும் டெலிபோன் ஏற்பாட்டையும் பரீட்சை பார்க்க ஆரம்பித்தன. ஒன்றோடொன்று ஒட்டாது. பணம் தீர்ந்தவுடன் மூட்டையைக் கட்டிக் கொண்டு போய்விடுவார்கள். நர்சுக்கு மிஞ்சுவது இன்னொரு பாரம். 2012 ஜனவரியில் அந்நாட்டுச் சுகாதார இலாகா, "சர்க்காரின் அனுமதியில்லாமல் இனி எந்தப் பரீட்சையும் நடத்தக் கூடாது" என்று நிறுத்தி வைத்தது. ஓசியில் வருகிறதென்றால் எதையும் வாங்கிக் கொள்ளுவோம் என்றில்லாமல் ஒரு ஏழை நாடு சுயமரியாதையோடு நடந்து கொண்டதற்கு இது ஒரு உதாரணம்.

பழைய பூசாரி, "உனக்கு விளங்காத பாஷையில் நான் ஓதுகிறேன், நீ தட்சணையை வை" என்றான். இன்று சில காண்டிராக்டுக்காரர்களும் நிபுணர்களும் அதே மாதிரி பேசுகிறார்கள். "கம்ப்யூட்டர் சொல்லுகிறது" என்றால் வேதவாக்குப் போல் வாயை மூடிக் கொள்ள வேண்டுமாம். கம்ப்யூட்டர் எதையும் சொல்லுவதில்லை, தோழர்களே! யாரோ ஒருவர் எழுதியதைக் கூட்டிக் கொடுக்கிறது. எழுதியவர் யார், எதை எழுதினார், எதை விட்டார் என்று கேட்பது தெய்வ நிந்தனையாகாது.

முன்னே சொன்ன தென்னாப்பிரிக்காப் புரோகிராமுக்கும் இது பொருந்தும். அதைப் புதிதாகத் திருத்தி இன்டர்நெட்டில் ஓடும்படி செய்தார்கள். டி.எச்.ஐ.எஸ். 2 என்பது அதன் பெயர். அது 2006-ல் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது நமக்குப் பக்கத்திலுள்ள கேரளத்தில்தான். கென்யா 2011-ல் தேசம் முழுவதும் அதை வைத்தது. 2020 ஜனவரியில் கொரோனா வந்தபோது இலங்கையிலுள்ள தோழர்கள் அதிலேயே, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கவனிக்கும் கணக்கை விரைவில் அமைத்தார்கள். அதைப் பின்பற்றி வேறு பல நாடுகளும் அமைத்தன. இன்று 70-க்கு மேற்பட்ட நாடுகள் அந்தப் புரோகிராமை உபயோகிக்கின்றன. தெற்கே பிறந்த ஒரு காரியம் இவ்வளவு தூரம் பரவியது சந்தோஷமே. ஆனால் புரோகிராமைக் கொண்டு போவது போல், கீழே உள்ளவரைக் கேட்டுச் செய்யும் பழக்கத்தையும் சுலபமாகக் கொண்டு போய்விட முடியாது. அந்தப் பழக்கம் இல்லாத நாட்டில் அதே புரோகிராம், பழையபடி மேலே மட்டும் போகிற பாரமாகத்தான் இருக்கும்.

ஆகவே, எந்தச் சர்க்கார் எந்த நாட்டில் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் கொண்டு வந்தாலும் ஜனங்கள் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தக் கணக்கை எழுதுகிற நர்ஸ் தம் ஊருடைய கணக்கைத் தாமே திருப்பிப் பார்க்க முடியுமா? கம்ப்யூட்டர் வந்ததனால் அவருடைய பழைய ரிஜிஸ்டர்களில் எத்தனை ஒழிந்தன, அல்லது இது இன்னொன்றாகச் சேர்ந்ததா? மின்சாரம் நின்றால், பணம் கொடுத்தவர் போய்விட்டால், யார் நடத்துவார்? நோயாளியின் பெயரை யார் யார் பார்க்க முடியும்? கணக்கில் ஒரு கெடுதி தெரிந்தால், பதில் சொல்ல வேண்டியவர் யார்? இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் வரவேற்கலாம். பதிலில்லாமல் யந்திரத்துக்கு மாலை போட்டுத் திறப்பு விழா மட்டும் நடத்தினால், அது ஆயுத பூஜையோடு சேர்ந்த காரியமேயொழிய வைத்தியத்தோடு சேர்ந்ததல்ல.

இங்கு கூடியிருக்கும் சுகாதார ஊழியர்களான தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு எண்ணும் ஒரு உயிர். அதை மேலே அனுப்புவதற்கு முன்னால் ஒரு தரம் நீங்களே படித்துப் பாருங்கள். போன மாதத்தோடும் பக்கத்து ஊரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். கேள்வி தோன்றினால் வாய்விட்டுக் கேளுங்கள். வாலிபர்களே, அவர்கள் கேட்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு, மற்றதைத் தள்ளி விடுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.